பட்டைக்குப் பணம் அனுப்பியவர் ஷாக்குக்கும் அனுப்ப வேண்டும்

"மாமா, ஒரு பன்னெண்டாயிரம் போட்டு விடுங்க. வண்டிக்குப் பின்னாடி ரெண்டு பட்டை ஏத்தணும்."

2023 ஆகஸ்ட். ஓணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒட்டன்சத்திரத்திலிருந்து மச்சினன் போன் செய்தான். நான் மாரெட்பள்ளி வீட்டில் ஷூ மாட்டிக்கொண்டு பேங்குக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். யூ.பி.ஐ.யில் தட்டிவிட்டு அதோடு மறந்தும் போனேன். பேங்கில் பன்னிரண்டாயிரம் ரூபாய் செலவுக்குப் பத்து கேள்வி கேட்டு, கொட்டேஷன் வாங்கி, ஃபைலில் நோட்டு எழுதுகிற ஆசாமி நான். சொந்த மச்சினனிடம் ஒரே ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

வெளியூரில் சம்பளம் வாங்கும் நம்மில் பலருக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. ஊரில் தம்பியோ மச்சினனோ பிக்கப் வண்டி வாங்குவான். மார்ஜின் பணம் நாம் போட்டிருப்போம். கேரண்டி கையெழுத்தும் அநேகமாக நம்முடையதுதான். அப்புறம் டயர், பாடி, தார்ப்பாய், பட்டை என்று ஒவ்வொன்றுக்கும் போன் வரும். கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் பட்டைக்குக் கொடுத்துவிட்டு ஷாக்கை மறப்பது அரைகுறை உதவி கூட இல்லை, ஆபத்தான உதவி. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. (மெக்கானிக்கல் எஞ்சினியர்கள் மன்னிக்கவும். அடியேன் பி.காம்.)

அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, ஆசைக்காக ஒரு டிரிப் அவனோடு பாலக்காடு வரை போனேன். காய்கறி லோடோடு போகும்போது ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் கடினமாக இருந்தது, அவ்வளவுதான். திரும்பி வரும்போதுதான் வினை. வண்டி காலி. பொள்ளாச்சி தாண்டி ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் குதித்தது. குதித்தது அடங்கவில்லை. இரண்டு, மூன்று, நாலு என்று துள்ளிக்கொண்டே ஒரு முழம் வலது பக்கம் நகர்ந்துவிட்டது. எதிரில் ஒரு பஸ். மச்சினன் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளித்தான். "காலியா வந்தா இப்படித்தான் மாமா, பழகிடுச்சு" என்றான் சர்வசாதாரணமாக. எனக்குப் பழனி வரும்வரை பேச்சே வரவில்லை.

மறுநாள் பட்டறையில் தூக்கிப் பார்த்தோம். வண்டியோடு வந்த பட்டைகள் ஐந்து, இப்போது ஏழு. ஷாக் அதே பழைய ஷாக்தான். இரண்டில் ஒன்று எண்ணெய் கக்கியிருந்தது. இன்னொன்றின் கீழ்க் கண்ணில் ரப்பர் புஷ் கிழிந்து இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது. பின் டயர்கள் திட்டுத்திட்டாகத் தேய்ந்து, கையால் தடவினால் மேடும் பள்ளமுமாக இருந்தன. பட்டறைக்காரர் சொன்னார்: "சார், லோடு தாங்குறது பட்டை. ஷாக்குக்கும் லோடுக்கும் சம்பந்தமே இல்ல."

பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. சாதாரண ஷாக் எடையைத் தாங்குவதில்லை என்பது சரி. ஆனால் பட்டை என்ன செய்கிறது? பள்ளத்தில் விழும்போது கிடைக்கும் சக்தியை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த நொடியே அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஷாக் என்பது டி.டி.எஸ். மாதிரி. ஒவ்வொரு போக்குவரத்திலும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை எண்ணெயில் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடும். ஐந்து பட்டைக்குப் பிடிக்க வேண்டிய அளவில் செய்த ஷாக்கை ஏழு பட்டைக்குக் கீழே மாட்டினால் பிடித்தம் குறைந்துபோகும். துள்ளல் மிச்சமாகும்.

எவ்வளவு குறைந்துபோகும்? இங்கேதான் எனக்குப் பிடித்த கணக்கு வருகிறது. ஒரே தடிமனில் ஐந்து பட்டை ஏழானால் விறைப்பு சுமார் 40 சதவீதம் கூடும். அதற்காகத் தணிப்பும் 40 சதவீதம் கூட வேண்டியதில்லை. தேவையான தணிப்பு, விறைப்பையும் எடையையும் பெருக்கி அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் வருகிற அளவில்தான் ஏறும். வண்டி காலி, எடை பழைய எடைதான் என்றால் 1.4-க்கு வர்க்கமூலம் 1.18. அதாவது 18 சதவீதம் போதும். எடையும் 40 சதவீதம் கூடினால்தான் தணிப்பு முழுசாக 40 சதவீதம் கூட வேண்டும். காலிக்கு ஒரு தேவை, லோடுக்கு ஒரு தேவை, இரண்டுக்கும் நடுவில் ஒரே ஷாக். பிக்கப் வண்டியின் ஜாதகம் அது. (பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலும் கொஞ்சம் தணிப்பு கிடைக்கிறது. அதை நம்பி ஷாக்கை விட்டுவிட முடியாது. ஒரு மழையில் துருப்பிடிக்கும், ஒரு கிரீஸில் வழுக்கும்.)

இந்தக் கணக்கு தெரியாமல் எதிர்ப்பக்கம் போய் விழுகிறவர்களும் உண்டு. "ஹெவி டியூட்டி போடு, இருக்கறதுலயே பெரிசா போடு" என்று லாரி ஷாக்கைக் கொண்டுவந்து வெல்டிங் வைத்து மாட்டுகிறார்கள். தணிப்பு அளவுக்கு மீறினால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி வர நேரமே இருக்காது. அடுத்தடுத்த பள்ளங்களில் பட்டை விரிய முடியாமல் மேலேயே சுருங்கி நின்றுவிடும். காலி வண்டியில் சக்கரம் ரோட்டை விட்டு எழும்பி எழும்பி ஓடும். பெரியது என்றால் நல்லது என்பது கல்யாணப் பந்தலுக்குச் சரி, ஷாக்குக்குச் சரிவராது.

கூட்ட வேண்டியது முக்கியமாக எந்தப் பக்கம் என்றால், ஷாக் விரியும் பக்கம். பட்டை சேர்த்துவைத்த சக்தியைத் திருப்பி எறிவது அப்போதுதான். சுருங்கும் பக்கத்தை ஒரேயடியாக இறுக்கினால் குழியின் அடி நேராகச் சட்டத்துக்குப் போகும். தக்காளி கூழாகும். மாமாவின் இடுப்பும்தான் :-)

அடுத்தது நீளம். இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. புதுப் பட்டை வளைவோடு வருவதால் வண்டியின் பின்பக்கம் உயரும். பழைய ஷாக்கின் நீளம் உயராது. சேஸிஸை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலைத் தொங்கவிட்டு அளந்தோம். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவே 56 செ.மீ. பழைய ஷாக்கை முழுசாக இழுத்தால் 54 செ.மீ.தான் வந்தது! அதாவது பாலத்தில் வண்டி எழும்பியபோதெல்லாம் மொத்த ஆக்ஸிலும் சக்கரமும் அந்த ஷாக்கைப் பிடித்துத் தொங்கியிருக்கின்றன. புஷ் கிழியாமல் என்ன செய்யும்? தம்மாத்துண்டு ஷாக்கைக் கயிறாக ஆக்கிவிட்டுக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

மேல்நோக்கியும் அளக்க வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போது உள்ள நீளத்திலிருந்து, பம்ப் ரப்பருக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள இடைவெளியைக் கழித்து, ரப்பர் நசுங்கும் அளவையும் கழித்தால் வருவது கடைசி எல்லை. எங்களுக்கு 37 செ.மீ. வந்தது. முழுசாக மூடிய ஷாக் இதைவிடக் குட்டையாகவும், முழுசாக விரித்த ஷாக் தொங்கும் அளவைவிட நீளமாகவும் இருக்க வேண்டும். நீளமான ஷாக் என்று வாங்கி, மூடிய நீளத்தைப் பார்க்காமல் விட்டால், ரப்பர் முட்டுவதற்கு முன்பே ஷாக் முட்டும். பிராக்கெட் பிய்த்துக்கொண்டு வரும்.

பட்டறைக்காரர் நல்ல மனுஷர். இத்தனை அளவுகளைப் பார்த்ததும் அவரே யோசனை சொன்னார். ஏற்றிய இரண்டு பட்டைகளில் ஒன்றை ஹெல்ப்பராக மாற்றிவிடலாம், லோடு ஏறி அழுந்தும்போது மட்டும் வேலை செய்யும், காலியில் சும்மா இருக்கும் என்றார். இப்போது காலியில் ஆறு பட்டை வேலை, லோடில் ஏழு. காலிக்கான விறைப்பு 20 சதவீதம்தான் கூடுதல், வர்க்கமூலம் எடுத்தால் தணிப்பு 10 சதவீதம் கூடினால் போதும். தொங்கும் நீளமும் 55-க்கு இறங்கியது. ஆரம்பத்திலேயே இப்படிச் செய்திருந்தால் பாலக்காட்டு ரோட்டில் நான் முருகனைக் கூப்பிட்டிருக்க வேண்டியதில்லை.

சரி, 10 சதவீதம் கூடுதல் தணிப்பு உள்ள ஷாக் என்று கடையில் போய்க் கேட்டால் கிடைக்குமா? கிடைக்காது. டப்பாவின் மேல் வண்டியின் பெயரும் பார்ட் நம்பரும்தான் இருக்கும். ஜாலிக்கு பிக்கப் ஓட்டுகிறவர்களுக்கு வசதி அதிகம். 2016-ல் ஸ்ரீ சிட்டியில் தயாரிப்பு ஆரம்பித்த இசுசு வி-கிராஸ் மாதிரி வண்டிகளுக்கு ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாகவே, எத்தனை கிலோ கூடுதல் சுமைக்கு எந்த ஜோடி என்று பட்டியல் போட்டு வெளிநாட்டுக் கிட்கள் வருகின்றன. யோசித்துப் பாருங்கள். வாரக் கடைசியில் கூடாரம் அடிக்கப் போகிறவருக்கு ஜோடி பார்த்துக் கொடுக்கிறது சந்தை. தினமும் தக்காளி ஏற்றுகிறவனுக்குக் கொடுப்பதில்லை.

அவனுக்கு உள்ள வழி இதுதான்: அதே கம்பெனி, அதே குடும்பத்தில் அடுத்த பெரிய வண்டிக்குப் போட்டிருக்கும் ஷாக். அந்தப் பெரிய வண்டியின் பட்டைக்கும் எடைக்கும் பொருத்தம் பார்க்கும் வேலையை எஞ்சினியர்கள் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறார்கள். நீளமும் கண்ணின் அளவும் ஒத்துப்போகிறதா என்று டேப் வைத்துப் பார்ப்பதுதான் நம் வேலை. கேஸ் அடைத்தது கிடைத்தால் நல்லது. நைட்ரஜன் அழுத்தத்தில் எண்ணெய் சீக்கிரம் நுரைக்காது, லோடில் நீண்ட தூரம் ஓடும்போது தளராது. கண்டிப்பாக ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். எண்ணெய் கக்கியதை மட்டும் மாற்றுவது கஞ்சத்தனம்.

நான் ராணிகஞ்சில் நாலு கடை ஏறி இறங்கினேன். மூன்று கடையில் "எந்த வண்டிக்கு?" என்றுதான் கேட்டார்கள். நாலாவது கடைப் பெரியவர் மட்டும் நான் நீட்டிய சீட்டைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மூன்று டப்பாக்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக இழுத்து அளந்து காட்டினார். விரித்தால் 57, மூடினால் 35.5. 2024 பொங்கலுக்கு சார்மினார் எக்ஸ்பிரஸில் பெர்த்துக்கு அடியில் இரண்டு ஷாக்கோடு பயணம் செய்த ஒரே பேங்க் ஆபீசர் நானாகத்தான் இருப்பேன். வீட்டுக்காரம்மா முகம் சென்னை வரைக்கும் வேறு பக்கம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பிரேக் சமாச்சாரம். சில பிக்கப்களில் பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பி இணைந்து எல்.எஸ்.பி.வி. என்ற வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். பட்டை ஏற்றி வண்டி உயர்ந்துவிட்டால், லோடு இருந்தாலும் அது "வண்டி காலி" என்று நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் குறைந்துவிடும். மச்சினன் வண்டியில் அது இருந்தது. யாரும் தொடவே இல்லை. கம்பெனி சர்வீஸில் கொடுத்துச் சரிசெய்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

இவ்வளவும் செய்த பிறகு ஏற்றும் எடை கூடுமா? கூடாது. ஆக்ஸில், பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழசுதான். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடையும் மாறாது. 2019 செப்டம்பர் முதல் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரும் எடைச் சீட்டைக் கேட்பார்.

ஆனால் மச்சினனை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2005-ல் டாடா ஏஸும், 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த்தும் வந்த பிறகு எத்தனையோ பேர் சொந்த வண்டிக்காரர் ஆனார்கள். அந்தக் கடன்களில் சிலவற்றை நானும் பாஸ் செய்திருக்கிறேன். மாசம் இத்தனை டிரிப், டிரிப்புக்கு இத்தனை வாடகை என்று எழுதிக் கொடுப்பதை டிக் அடிப்போம். ஆர்.சி. எடைக்குள் ஓட்டினால் அந்த வாடகை வருமா என்று கேட்டதில்லை. வராத இடத்தில்தான் பட்டை ஏறுகிறது. தவணை தேதிக்கும் பட்டைக்கும் உள்ள சொந்தம் எங்கள் ஃபைலில் எந்தக் காலத்திலும் வருவதில்லை. இப்போதெல்லாம் அதிகாலையில் போயின்பள்ளி மார்க்கெட் பக்கம் நடக்கும்போது நிற்கிற பிக்கப்களின் பின்பக்கம் குனிந்து பட்டையை எண்ணிப் பார்க்கிறேன். டிரைவர்கள் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

போன மாசம் மச்சினன் மறுபடி போன் செய்தான். கூட்டாளி ஒருத்தன் பட்டை ஏற்றப் போகிறானாம், ஷாக் அளவு கேட்கிறானாம்.

"என்ன லோடு ஏத்துறானாம் மாப்ள?"

"அதைக் கேக்கலையே மாமா."

"கேட்டுட்டு கூப்பிடு. வர்றப்ப டேப்பையும் கையில வெச்சுக்கச் சொல்லு."