உவா நாளில் ஒலிக்க வேண்டிய மொழி

ஆடித் திங்களிலும் தைத் திங்களிலும் வரும் காருவா (அமாவாசை) நாளில் திருமறைக்காட்டுக் கடற்கரையைக் கண்டவர் அக்காட்சியை எளிதில் மறவார். விடியுமுன்பே மக்கள் சாரி சாரியாக வந்து கடலாடுகின்றனர். ஈர ஆடையுடன் மணலில் அமர்கின்றனர். எள்ளும் நீரும் கையிலேந்தி, மறைந்த தாய் தந்தையர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் நீர்க்கடன் (தர்ப்பணம்) இறுக்கின்றனர். கையில் உள்ள எள் அவருடையது. கண்ணில் துளிர்க்கும் நீர் அவருடையது. மறைந்தவரும் அவருடைய குருதி உறவினரே. வாயில் வரும் சொல் மட்டும் அவருடையதன்று! எதிரே அமர்ந்து சடங்கு செய்விப்பவர் வடமொழியில் ஏதோ சொல்ல, அதனை அரையும் குறையுமாக முணுமுணுத்துவிட்டு எழுகின்றனர். 'கோத்திரம் யாது?' என்று வினவப்படுங்கால் விழிப்பவர்க்குச் 'சிவகோத்திரம்' என ஒன்று அப்பொழுதே வழங்கப்படுகின்றது. தன் பாட்டனை அழைக்கவும் இரவற் குடிப்பெயர் வேண்டியிருக்கும் இந்நிலைக்குத் தமிழன் நாணுதல் வேண்டாவா?

அந்நீர்க்கடனைப் பெறுகின்ற முன்னோர் எம்மொழி பேசினர்? தமிழில் தாலாட்டப்பெற்றுத் தமிழிலேயே வாழ்ந்து, இறுதியில் தமிழிலேயே ஒப்பாரி பாடப்பெற்றுச் சென்றவர் அவர். வாழ்நாள் முழுதும் வடமொழியில் ஒரு தொடரும் அறியாதிருந்தவர், மறைந்த மறுநாள் முதல் அம்மொழியில் வல்லவராகிவிட்டனர் என்று கொள்வது எவ்வகையில் அறிவுடைமை? கொடுப்பவனுக்கும் விளங்காத, பெறுபவர்க்கும் விளங்காத ஒரு மொழி, தந்தைக்கும் மகனுக்கும் இடையே சுவராக நிற்கின்றது.

முன்னோரை நினைந்து கடனாற்றுதல் தமிழர்க்குப் பிறர் கற்பித்த ஒன்றன்று. இல்வாழ்வான் ஓம்பற்குரிய ஐவகையாருள் தென்புலத்தாரை முதற்கண் வைத்தார் திருவள்ளுவர். தென்புல வாழ்நர்க்குக் கடனிறுக்கும் புதல்வரைப் பெறாதாரைப் பற்றி நெட்டிமையார் புறநானூற்று ஒன்பதாம் பாட்டில் பேசுகின்றார். 'தென்புலத்தார்' என்னும் அழகிய தமிழ்ச்சொல் இருக்கவும், அச்சொல்லுக்கு உரியவரைப் 'பிதுர்கள்' என்றே அழைக்கப் பழகியது எவர் குற்றம்?

நாள்களின் பெயரும் இவ்வாறே மறைக்கப்பட்டது. உவா என்பது பழந்தமிழ்ச் சொல். நிலா மறையும் நாள் காருவா. நிறையும் நாள் வெள்ளுவா. வெண்ணிப் போரில் கரிகாலனொடு பொருது, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான் பெருஞ்சேரலாதன். அவனைப் பாடிய கழாத்தலையார், உவா நாள் மாலையில் ஞாயிறும் திங்களும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்க, அவற்றுள் ஒன்று மலையில் மறைவதனை உவமையாக்கினார். முழுநிலா என்பது ஞாயிற்றுக்கு நேரெதிரே திங்கள் நிற்கும் நிலையே என்னும் வானியல் உண்மை, கையறுநிலைப் பாட்டொன்றில் எத்துணை எளிதாக வந்து அமர்ந்துள்ளது!

தமிழர் தம் திங்கள் விழாக்களை அமைத்த முறையும் அவ்வுண்மையின் வழிப்பட்டதே. தைத் திங்களில் ஞாயிறு சுறவ (மகர) ஓரையில் நிற்கும். அதற்கு எதிரே உள்ளது கடக ஓரை. அவ்வோரையில் உள்ளது பூசம். எனவே, தைத் திங்களின் முழுநிலா பூச மீனை ஒட்டியே தோன்றும். அதுவே தைப்பூசம். மாசி மகமும் பங்குனி உத்திரமும் வைகாசி விசாகமும் இவ்வாறு அமைந்தனவே. மதி நிறைந்து அறுமீனாகிய கார்த்திகையைச் சேரும் இரவில் தெருக்களில் விளக்கேற்றிய விழாவை அகநானூற்றின் 141ஆம் பாட்டில் நக்கீரர் காட்டுகின்றார். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலையில் பாடிய பூம்பாவைப் பதிகம், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் எனத் திங்கள்தோறும் நிகழ்ந்த விழாக்களை வரிசைப்படுத்துகின்றது. தமிழரின் ஆண்டு வழிபாட்டுக் குறிப்பேடு தமிழ்ப் பாட்டாகவே இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

வானம் எவர்க்கும் பொது. பிறை எண்ணுதலும் நாண்மீன் காணுதலும் பல்வேறு இனத்தார்க்கும் உரியன. அவை தமிழர்க்கே உரியன எனல் வேண்டா. பிறர்க்கே உரியன எனலும் பொருந்தாது. ஆயின், பொதுவான வானத்தைத் தமிழன் ஏன் தன் மொழியால் எண்ணுதல் கூடாது என்பதே வினா. ஏகாதசி என்பதன் பொருள் பதினோராம் நாள். சதுர்த்தி நான்காம் நாள். சட்டி ஆறாம் நாள். இவை வெறும் எண்ணுப் பெயர்களே! பதினோராம் பிறை என்றால் பயன் குறையும், ஏகாதசி என்றால் பயன் மிகும் என்பது, பத்து உரூபாவைத் தமிழில் எண்ணினால் மதிப்புக் குறையும் என்பது போன்றதே. இவ்வயற்பெயரால் விளைந்த குழப்பத்துக்கு ஒரு சான்று காண்க. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது அடுக்களைப் பழமொழி. பானை சட்டியைக் கையாண்ட எவர்க்கும் அது விளங்கும். அதனை, ஆறாம் பிறைநாளில் நோன்பிருந்தால் கருப்பையில் மகவு உண்டாகும் எனத் திரித்து மேடைதோறும் முழங்குகின்றனர். வேற்றுச்சொல் நுழைந்தால் சொந்தப் பழமொழியும் பொருள் மாறிவிடும் என்பதனைத் தமிழர் உணர்வாராக.

மந்திரத்தின் ஆற்றல் ஒலியில் உள்ளது. எனவே அது வடமொழியிலேயே இருத்தல் வேண்டும் என்பர் சிலர். நிறைமொழி மாந்தர் தம் ஆணையால் வெளிப்படுத்தும் மறைமொழியே மந்திரம் எனச் செய்யுளியலில் வரையறுத்தார் தொல்காப்பியர். அவ்வரையறையில் சொல்வோரின் நிறைவு கூறப்பட்டதேயன்றி, இன்ன மொழி எனும் கட்டு இல்லை. சமய வழக்கை நம்புவோர்க்கும் விடை அத்திருமறைக்காட்டிலேயே உள்ளது. மறைகள் வழிபட்டு அடைத்துச் சென்ற திருக்கதவம் அப்பர் பாடத் திறந்தது, சம்பந்தர் பாட அடைத்தது என்கின்றது சேக்கிழாரின் பெரியபுராணம். மறைகள் அடைத்த கதவைத் திறந்த தமிழுக்கு, அவ்வூர்க் கடற்கரையில் ஒரு கைந்நீரை முன்னோர்க்கு அளிக்கும் ஆற்றல் இல்லையா? அவ்வூரின் பெயரே 'வேதாரண்யம்' என மாற்றப்பட்டது அன்றோ!

தமிழ் வழிபாடு அரசராலும் போற்றப்பட்டது. தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் பாடுதற்கென முதலாம் இராசராசன் 48 பாடுநரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்திக் கல்லில் பொறித்தான். அக்கோயிலிலேயே தமிழுக்கு இடம் கேட்டு வழக்குமன்றம் செல்ல நேர்ந்தது. அதன் பின்னரே 2020 பிப்பிரவரி 5ஆம் நாள் குடமுழுக்கு, தமிழிலும் வடமொழியிலும் நிகழ்ந்தது. 2021 ஆகசுட்டுத் திங்களில் 'அன்னைத் தமிழில் அருச்சனை' என்னும் திட்டம் மயிலைக் கபாலீச்சரத்தில் தொடங்கப்பெற்று, முதற்கட்டமாக 47 கோயில்களில் நடைமுறைக்கு வந்தது. பூம்பாவைப் பதிகம் பிறந்த கோயிலில், பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர்த் தமிழைத் திட்டமாகக் கொண்டுவர வேண்டியிருந்தது என்பது மகிழ்தற்குரியதா, வருந்துதற்குரியதா என்பதனைத் தமிழரே முடிவு செய்வாராக.

திட்டம் வந்தும் தமிழில் வழிபாடு கேட்கும் வாய்கள் மிகுதியாக இல்லை என்பதே உண்மை. கோயிலில் அறிவிப்புப் பலகை உண்டு. கேட்பதற்குத் தயங்கும் நெஞ்சும் உண்டு. 'தமிழில் செய்தால் குறைந்துவிடுமோ?' என்னும் அச்சம், பிறர் பூட்டிய விலங்கன்று. தமிழன் தானே அணிந்துகொண்ட விலங்கு. அதனைக் கழற்ற அரசாணையாலும் இயலாது, வழக்குமன்றத்தாலும் இயலாது.

தமிழ் நெஞ்சத்தீர்! மாயூரம் என வழங்கிய ஊர் 1982இல் மயிலாடுதுறை என்னும் தன் பெயரை மீளப் பெற்றது. இழந்த பெயர் மீளும் என்பதற்கு அஃது ஒரு சான்று. இல்லத்து நாள்காட்டியில் காருவா, வெள்ளுவா, நான்காம் பிறை, ஆறாம் பிறை, பதினோராம் பிறை என எழுதிவைம்மின்! பிள்ளைகளை அப்பெயர்களால் எண்ணப் பழக்குமின்! வெள்ளுவா நாளில் கோயிலுக்குச் சென்றால் தமிழில் போற்றுமாறு கேண்மின்! காருவா நாளில் கடற்கரையிலோ ஆற்றங்கரையிலோ வீட்டுக் கிணற்றடியிலோ நின்று, முன்னோரின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'எம்மைப் பெற்று வளர்த்தீர். எம் நினைவில் வாழ்கின்றீர். இந்நீரை ஏற்றருள்க' என்று சொந்த வாயால் சொல்லுமின்!

இடையில் ஒருவர் வேண்டா. இரவற் குடிப்பெயர் வேண்டா. ஈன்ற தாயை அழைக்கத் தாய்மொழி போதும்.