"எஸ்.எஸ்." என்பது ஒரே உலோகம் இல்லை!

குன்னூர், கோத்தகிரி பக்கம் டீ ஃபேக்டரி பார்க்கப் போனவங்க, சிடிசி ரோலர்ல இலை நசுங்குறதை வீடியோ எடுத்திருப்பீங்க. அடுத்த தடவை மெஷின்ல இருக்கிற வெல்டிங்கையும் கொஞ்சம் பாருங்க. தேயிலைச் சாற்றில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். இலை படும் இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் பழுது பார்க்கும்போது "எஸ்.எஸ். ராடு போடுப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எந்த எஸ்.எஸ்.? 304-ஐ 304-உடன் இணைக்க 308எல் ராடு. 316 என்றால் 316எல். 304 ட்ரேயை சாதா இரும்பு ஸ்டாண்டோட சேர்க்கணும்னா 309எல். அங்கே 308எல் போட்டால், உருகிய இரும்பு கலந்து குரோமியமும் நிக்கலும் நீர்த்துப்போகும். வெல்டிங் கடினமாகி விரிசல் விடலாம்.

காந்தம் ஒட்டலைன்னா 304-தான்னு நம்பிடாதீங்க. நிக்கல் குறைவான 202-லும் காந்தம் ஒட்டாது.

விரிசல் விட்டால் திட்டு வாங்குவது வெல்டர். கிரேடே எழுதாத ட்ராயிங்கைக் கையில் கொடுத்தால் அவர் எந்த ராடை எடுப்பார்? கையில் கிடைத்ததைத்தான். அந்தத் திட்டில் பாதி, ட்ராயிங் போட்டவருக்குச் சேர வேண்டியது.

அடுத்த வருஷம் அந்த ட்ராயிங்கைப் போடப்போறது நீங்களும் நானும்தான். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்லயே பழகுவோம்: "மெட்டீரியல்: எஸ்.எஸ்."னு விட்டுடாம, கிரேடையும் ராடையும் சேர்த்து எழுதுங்க. ரெண்டே நம்பர், அவ்வளவுதான்.