பருத்திக்கொட்டையில் நஷ்டமா?

அடக்கவிலை கணக்கியல் தேர்வில் கூட்டுப் பொருட்கள் கணக்கு வந்தால் மாணவர்களுக்குக் கொண்டாட்டம்தான். கூட்டுச் செலவை ஏதாவது ஒரு விகிதத்தில் பிரி, விற்பனையிலிருந்து கழி, ஒவ்வொரு பொருளுக்கும் மொத்த இலாபம் எழுது, மதிப்பெண்ணை வாங்கு. ஆனால் அந்த விடைக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

ஒரு ஜின்னிங் மில்லை எடுத்துக்கொள்வோம். விதையோடு வரும் பருத்தியை அரைத்தால் பஞ்சு தனியாக, கொட்டை தனியாகப் பிரியும். பஞ்சு நூற்பாலைக்குப் போகும். கொட்டை மாட்டுத் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் போகும். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் தயாரிக்க முடியாது.

கணக்குக்காகச் சில எண்கள். 1000 கிலோ பருத்தி வாங்கி அரைக்க ஆன செலவு 72,000 ரூபாய். கிடைத்தது 330 கிலோ பஞ்சு, 660 கிலோ கொட்டை, மீதி கழிவு. பஞ்சு கிலோ 180 ரூபாய் வீதம் 59,400. கொட்டை கிலோ 30 ரூபாய் வீதம் 19,800. இரண்டும் சேர்ந்து 79,200. ஆக இலாபம் 7,200. இதில் சந்தேகமே இல்லை.

இப்போது செலவை எடைப்படி பிரித்துப் பாருங்கள். பஞ்சுக்கு 24,000, கொட்டைக்கு 48,000. பஞ்சில் 35,400 இலாபம், கொட்டையில் 28,200 நஷ்டம்! அதே செலவை விற்பனை மதிப்புப்படி பிரித்தால் பஞ்சுக்கு 54,000, கொட்டைக்கு 18,000. பஞ்சில் 5,400, கொட்டையில் 1,800 இலாபம். மில்லில் எதுவும் மாறவில்லை. மாறியது பிரித்த விதம் மட்டுமே.

முதல் கணக்கை நம்பி ஒருவர் கொட்டை விற்பதை நிறுத்தினால் என்ன ஆகும்? 72,000 செலவு அப்படியே இருக்கும், வரவு 59,400 ஆகிவிடும். 7,200 இலாபம் போய் 12,600 நஷ்டம் வந்து நிற்கும்.

அப்படியானால் இரண்டாவது முறைதான் உண்மையா? அதுவும் இல்லை. அதில் இரண்டு பொருளுக்கும் இலாப விகிதம் ஒன்றேதான், சுமார் 9 சதவீதம். விற்பனை விகிதத்திலேயே செலவைப் பிரித்தால் வேறு எப்படி வரும்? போட்டதுதான் திரும்பி வருகிறது.

பிறகு எதற்கு இந்தப் பகிர்வு? ஆண்டு முடிவில் விற்காமல் கிடக்கும் சரக்குக்கு மதிப்புப் போட வேண்டும், அதற்காக. இந்தியக் கணக்கியல் தரநிலை ஏஎஸ் 2 பகுத்தறிவுக்குப் பொருந்திய, ஆண்டுதோறும் மாறாத அடிப்படை ஒன்றைக் கேட்கிறது. ஒப்பீட்டு விற்பனை மதிப்பை அதற்கு உதாரணமாகச் சொல்கிறது. அந்த வேலைக்கு அது போதும். எதை நிறுத்தலாம், எதை வளர்க்கலாம் என்று முடிவெடுக்க அது உதவாது.

முடிவுக்கு வேறு கேள்வி வேண்டும். கொட்டையை எண்ணெயும் புண்ணாக்குமாக ஆக்கி விற்றால் 26,000 வரும், கூடுதல் செலவு 4,000 என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் வரவு 6,200. செலவு போக 2,200 மிச்சம். ஆட்டலாம். இங்கே 72,000 எங்காவது வந்ததா? வரவே இல்லை.

எனவே தேர்வுத் தாளில் இன்னொரு வரி சேர்த்தால் போதும்: "இந்த நஷ்டத்தைப் பார்த்து அந்தப் பொருளை நிறுத்தலாமா? காரணம் கூறுக." அதற்குப் பதில் எழுதத் தெரிந்தவருக்குத்தான் பாடம் புரிந்திருக்கிறது. மற்றவர்கள் போட்டது வெறும் வகுத்தல் கணக்கு.