விளக்கு யாருக்காக எரிகிறது?

அலுமினியம் லேசான உலோகம். ஆனால் அதை உண்டாக்கச் செலவாகும் மின்சாரம் இருக்கிறதே, அது லேசானதல்ல! ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரித்தெடுக்கச் சுமார் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு வீட்டில் இரவு நேரத்தில் மட்டும் ஒரு விளக்கும் ஒரு விசிறியும் போட்டால், இரண்டு வாரத்துக்குக் குறையாமல் அது தாங்கும். ஆகையால்தான் அலுமினியம் செய்கிறவர்கள், மின்சாரம் எங்கே மலிவு என்று உலகமெல்லாம் தேடிக்கொண்டு போகிறார்கள். அப்படித் தேடிப் போனவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்த கதையை இந்த வாரம் சொல்லப் போகிறேன். பொருளாதார விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! கடன் வாங்கி வீடு கட்டிய எவருக்கும் இது நன்றாகவே விளங்கும்.

கானா தேசம் 1957-ல் விடுதலை பெற்றது. அதற்கு முன் அதன் பெயர் தங்கக் கடற்கரை. அங்கே ஓடும் வோல்டா நதியில் அணை கட்டி மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனையை 1915-லேயே கிட்சன் என்ற ஆங்கிலேய நிலவியல் நிபுணர் சொல்லியிருந்தார். புதிய தேசத்தின் தலைவரான குவாமே என்க்ருமாவுக்கு அந்த அணைதான் பெருங்கனவு. அணை எழும்பினால் மின்சாரம் வரும், தொழில் வளரும், கானாவின் மண்ணிலே கிடக்கும் பாக்சைட் தாது அங்கேயே அலுமினியமாகும் என்று நம்பினார்.

கனவுக்குப் பணம் வேண்டுமே! செலவில் ஏறக்குறையப் பாதியைக் கானாவே போட்டது. மீதிக்கு உலக வங்கியிடமும் அமெரிக்காவிடமும் பிரிட்டனிடமும் கடன் கேட்டது. உலக வங்கி மட்டும் கொடுத்தது 4 கோடியே 70 லட்சம் டாலர்.

இங்கேதான் நமக்குத் தெரிந்த விவகாரம் ஆரம்பமாகிறது. வீட்டில் இன்னோர் அறை கட்ட வேண்டும் என்று நீங்கள் கடன் கேட்கப் போனால், கொடுக்கிறவர் என்ன கேட்பார்? "அறையை யாருக்கு வாடகைக்கு விடப் போகிறீர்கள்? மாதம் தவறாமல் வாடகை வருமா?" என்பார். "எங்கள் பாட்டிக்குத்தான் ஓர் அறை வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள்; கடன் பெயராது! அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்குப் பணம் திரும்பி வர வேண்டும்.

கானாவுக்குக் கடன் கொடுத்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். குடிசைகளுக்கு விளக்குப் போட்டால் டாலராக என்ன வரும்? நிச்சயமாக வாங்கி, நிச்சயமாகப் பணம் தரக்கூடிய ஒரு பெரிய புள்ளி வேண்டும். அமெரிக்காவின் கெய்சர் அலுமினியக் கம்பெனி அந்தப் புள்ளியாக வந்தது. டெமா துறைமுகத்தில் வால்கோ என்ற ஆலை எழும்பிற்று. 1962-ல் முப்பது வருஷத்துக்கு ஒப்பந்தமாயிற்று. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறிப்பிட்ட அளவு மின்சாரத்துக்கு ஆலை பணம் கட்டிவிட வேண்டும். விலை? யூனிட்டுக்கு ஓர் அமெரிக்க சென்ட்டில் ஏறக்குறையக் கால் பங்கு! கடன் கொடுத்தவர்களுக்கு நிம்மதி. கம்பெனிக்குக் கொண்டாட்டம்.

பாக்சைட் என்னவாயிற்று என்கிறீர்களா? அது பெரும்பாலும் மண்ணிலேயே கிடந்தது. ஆலைக்கு வேண்டிய அலுமினா வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. அலுமினியமாகித் திரும்பக் கப்பல் ஏறிற்று. நடுவில் கானா கொடுத்தது மின்சாரம்.

அகோசோம்போ அணை 1965-ல் முடிந்தது. 1966 ஜனவரியில் என்க்ருமா அதைத் திறந்து வைத்தார். அடுத்த மாதமே ராணுவப் புரட்சியில் பதவி இழந்தார். அணைக்குப் பின்னே 8,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏரி பெருகிற்று. 700-க்கும் மேற்பட்ட ஊர்கள் முழுகின. சுமார் 80,000 பேர் மூட்டை கட்டினார்கள். அவர்களுக்காக 52 புதுக் குடியிருப்புகள் அமைத்து, வீட்டுக்கு ஓர் அறையை மட்டும் பூர்த்தி செய்து கொடுத்து, மீதியை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். நதியின் கீழ்ப்பகுதியில் தண்ணீருக்குள் முழுகிச் சிப்பி எடுத்து விற்பது பெண்களின் தொழிலாக இருந்தது. வெள்ளம் வந்து வடியும் முறை மாறியதும் சிப்பி குறைந்து போயிற்று. அவர்கள் கையில் புரண்ட நாலு காசும் போயிற்று. வால்கோ ஆலை பல காலம் அணையின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் குடித்துக்கொண்டிருக்க, அணைக்காக வீட்டை விட்டவர்களின் ஊர்கள் பல, விளக்கைக் காணப் பல வருஷம் காத்திருந்தன.

அணையே கூடாது என்று சொல்ல வரவில்லை. அதன் மின்சாரத்தில் தலைநகர் அக்ராவிலும் விளக்கெரிந்தது. ஏரியில் மீன் பெருகிற்று. இன்று கானாவில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் மின்சாரம் எட்டியிருக்கிறது. 1985-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி ஆலைக்கு விலையைப் பல மடங்கு உயர்த்தவும் செய்தார்கள். 2004-ல் கெய்சர் தன் பங்கைச் சர்க்காருக்கே விற்றுவிட்டுப் போயிற்று.

ஆனால் பழைய நிபந்தனை வேறு உருவில் திரும்பி வந்தது. 2012-லிருந்து நாலைந்து வருஷம் கானாவில் ஓயாத மின்வெட்டு. ஜனங்கள் அதற்கு "டும்சோர்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அணைப்பதும் ஏற்றுவதும் என்று பொருள். அவசரத்தில் தனியார் மின்நிலையங்களோடு சர்க்கார் ஒப்பந்தங்கள் போட்டது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம்! ஆனால் இம்முறை கட்ட வேண்டியது கம்பெனி அல்ல, தேசம். உபயோகிக்காத மின்சாரத்துக்காக வருஷத்துக்கு 50 கோடி டாலருக்கு மேல் போகிறது என்று 2019-ல் நிதி மந்திரியே பார்லிமெண்டில் சொன்னார்.

கடன் கொடுப்பவர்களின் கொள்கையும் மாறிக்கொண்டே இருக்கிறது. நிலக்கரி நிலையங்களுக்கு அபூர்வமாகத்தான் கொடுப்போம் என்று 2013-ல் உலக வங்கி சொல்லிற்று. வெளிநாடுகளில் புதிய நிலக்கரி நிலையம் கட்டமாட்டோம் என்று 2021-ல் சீனா அறிவித்தது. அணுசக்திக்கு இருந்த தடையை 2025-ல் உலக வங்கி நீக்கிற்று. இவற்றில் நல்லதும் உண்டு. ஆயினும் ஏழை தேசத்து அடுப்பில் எது எரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் இடம் எத்தனை தூரத்தில் இருக்கிறது, பார்த்தீர்களா?

இனிமேல் பத்திரிகையில் "மின் திட்டத்துக்கு இத்தனை கோடி டாலர் கடன்" என்று படித்தால், தொகையைப் பார்த்து மலைத்துப் போகாதீர்கள். மூன்றே கேள்வி கேளுங்கள். முதல் யூனிட்டை வாங்கப் போகிறவர் யார்? என்ன விலைக்கு? வேண்டாத மின்சாரத்துக்குப் பணம் கட்டுவது யார்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், அந்தத் தேசத்தில் பாட்டிக்கு அறை உண்டா இல்லையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.