ஸ்பூன் காம்பில் ஒளிந்திருக்கும் பெயர்

லண்டனில் 1760-ல் ஜான் பேட்மேன் என்ற கைவினைஞர் இறந்துபோனார். சங்கிலி செய்வது அவர் தொழில். தன் கருவிகளையெல்லாம் மனைவி ஹெஸ்டருக்கு எழுதிவைத்திருந்தார். ஹெஸ்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல். முறையான படிப்பும் கிடையாது. ஆனால், அடுத்த ஆண்டே பொற்கொல்லர் சங்கத்துக்குப் போய், தன் பெயரில் ஒரு முத்திரையைப் பதிவு செய்தார். ஆங்கிலச் சாய்வெழுத்தில் 'ஹெச்.பி.' என்ற இரண்டே எழுத்துகள்.

இன்று பழைய வெள்ளி சேகரிப்பவர்கள் ஒரு ஸ்பூனைக் கையில் எடுத்ததும் லென்ஸ் வைத்துத் தேடுவது இந்த மாதிரி எழுத்துகளைத்தான். சரியான பெயர் கிடைத்தால் சாதாரண ஸ்பூனுக்கும் தனி மதிப்பு. அதனால்தான் தவறான பெயர் சொல்லி விற்பதும் நடக்கிறது.

ஐந்து முத்திரைகள்

18-ம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் செய்த ஸ்பூனில் வழக்கமாக ஐந்து முத்திரைகள் இருக்கும்.

* நடக்கும் சிங்கம்: இது 92.5 சதவிகித வெள்ளி என்பதற்கான அடையாளம். 1544 முதல் வழக்கத்தில் இருக்கிறது.

* கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை: லண்டனில் சோதிக்கப்பட்டது என்று பொருள். பர்மிங்காம் என்றால் நங்கூரம். எடின்பரோ என்றால் கோட்டை.

* ஆண்டு எழுத்து: ஆண்டுக்கு ஓர் எழுத்து. 20 எழுத்துகள் முடிந்ததும் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி 'ஏ'-யில் தொடங்குவார்கள்.

* அரசர் தலை: வரி கட்டியதற்கான அடையாளம். 1784 முதல் 1890 வரை மட்டுமே உண்டு.

* செய்தவர் முத்திரை: பெயரின் முதல் எழுத்துகள்.

பெயரைக் கடைசியில் பாருங்கள்

எல்லோரும் முதலில் பெயர் எழுத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால், ஒரே இரண்டு எழுத்துகள் பலருக்கு இருக்கலாம். அதனால் ஊரையும் ஆண்டையும் உறுதிசெய்துகொண்டு, பிறகு பெயருக்கு வருவதே நல்லது.

ஓர் உதாரணம். சிங்கம், கிரீடச் சிறுத்தை, அரசர் தலை, 'எம்' என்ற எழுத்து, கூடவே சாய்வெழுத்தில் 'ஹெச்.பி.' இருக்கிறது என்று வையுங்கள். லண்டனில் 'எம்' வந்த ஆண்டுகள் 1767, 1787, 1807. 1767-ல் அரசர் தலை முத்திரையே கிடையாது. 1807-ல் வந்தது பெரிய எழுத்து 'எம்'. உங்கள் ஸ்பூனில் இருப்பது சின்ன எழுத்து என்றால், 1787 மட்டும்தான் மிச்சம். ஹெஸ்டர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றது 1790-ல். ஆக, கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

முத்திரை எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் ஒரு துப்பு. ஏறத்தாழ 1780 வரை ஸ்பூனின் குழிக்குப் பக்கத்தில், காம்பின் ஒடுங்கிய பகுதியில் அடிப்பார்கள். அதன்பின் காம்பைத் தட்டிச் சீராக்கும்போது முத்திரைகள் நசுங்கிப்போகும். பிறகுதான் காம்பின் அகன்ற மேல்முனைக்கு மாற்றினார்கள். அந்தப் பழைய காலத்து டீ ஸ்பூன்கள் பலவற்றில் சிங்கமும் செய்தவர் எழுத்தும் மட்டுமே இருக்கும். ஆண்டு எழுத்து இல்லையே என்று போலி என முடிவுகட்டிவிட வேண்டாம்.

பதிவேடு தொலைந்தால்?

எழுத்துகளைப் பெயரோடு பொருத்த உதவுவது சங்கத்தின் பதிவேடு. அதைத் திரட்டி ஆர்தர் கிரிம்வேட் 1976-ல் வெளியிட்ட, லண்டன் பொற்கொல்லர்களின் முத்திரைகள் பற்றிய நூல்தான் இன்றும் பலருக்குக் கைவிளக்கு. ஆனால், பெரிய பாத்திரங்கள் செய்தவர்களின் பதிவேட்டில் 1758 முதல் 1773 வரையிலான தொகுதி காணாமல் போய்விட்டது. அந்தக் காலத்துப் பொருள் சிலவற்றில் எழுத்து தெளிவாக இருந்தாலும், 'இவராக இருக்கலாம்' என்பதற்கு மேல் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி நிறுத்திக்கொள்பவரே நேர்மையான வியாபாரி.

முத்திரை வேறு, கை வேறு

இன்னொரு உண்மையும் உண்டு. முத்திரையில் இருப்பவர்தான் அந்த ஸ்பூனைத் தட்டியெடுத்தார் என்று அர்த்தமில்லை. வெள்ளியின் தரத்துக்கு அவர் பொறுப்பு, அவ்வளவுதான். ஹெஸ்டரே தொடக்க காலத்தில் பெரும்பாலும் மற்ற பட்டறைகளுக்குத்தான் வேலை செய்து கொடுத்தார். அவர் முத்திரை தாங்கிய 1760-களின் பொருள்கள் அதனால்தான் அரிது. பிறகு அவர் பட்டறை வளர்ந்து, மகன்களும் மருமகளும் பல தொழிலாளிகளும் வேலை செய்தபோது, எல்லோருடைய உழைப்பும் 'ஹெச்.பி.' என்ற இரண்டு எழுத்துக்குள் அடங்கியது. அவர் ஓய்வுக்குப் பிறகு மகன்கள் பீட்டரும் ஜோனதனும் தங்கள் முத்திரையைப் பதிந்தார்கள். மறு ஆண்டே ஜோனதன் இறந்துவிட, அவர் மனைவி ஆன், மைத்துனர் பீட்டருடன் சேர்ந்து புதிய முத்திரை பதிந்தார். மாமியாரைப் போலவே மருமகளும், கணவரை இழந்தபின் தன் பெயரை வெள்ளியில் பொறித்தவர்.

வீட்டில் பழைய ஸ்பூன் இருந்தால்

* அழுத்தித் தேய்க்காதீர்கள். பளபளப்பு வந்துவிடும், முத்திரை போய்விடும். போன முத்திரை திரும்ப வராது.

* மொபைல் டார்ச்சை நேராக அடிக்காமல், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். ஒவ்வொரு முத்திரையையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தோடு சேர்த்து எடுங்கள்.

* 'இ.பி.என்.எஸ்.' என்று இருந்தால் அது வெள்ளி முலாம் பூசியது. முலாம் பொருள்களிலும் அசல் மாதிரியே வரிசையாகச் சின்னங்கள் அடித்திருப்பார்கள். சிங்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

* பழைய வெள்ளியை எடைக்குப் போடும் முன் ஒரு முறை லென்ஸில் பார்த்துவிடுங்கள். உருக்கிவிட்டால் மிஞ்சுவது கிராம் கணக்கு மட்டுமே. அதைச் செய்தது யார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.