பழைய வொர்க்ஸ்டேஷனுக்கு கெர்னல் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு மாசம் ஹோல்டர் போடுங்க (த்ரெட்)

1/
"டாக்டர், பழைய வொர்க்ஸ்டேஷன்ல லினக்ஸ் போட்டிருக்கேன், கெர்னலை நானே கம்பைல் பண்ணி இளைக்க வைக்கலாமா?" போன த்ரெட்டுக்குக் கீழே நாலஞ்சு பேர் இதைக் கேட்டிருந்தீங்க. ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா இந்த விஷயத்துல நான் ஒரு தப்பு பண்ணி, அது ஒரு பேஷன்ட் வரைக்கும் போச்சு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

2/
நான் ஃபிசிஷியன். கம்ப்யூட்டர் என் தொழில் இல்லை, ராத்திரிப் பொழுதுபோக்கு. க்ளினிக்ல இருக்கறது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு வொர்க்ஸ்டேஷன். இன்டெல் ஸியான் இ5-1620, 2012ல வந்த சிப். 16 ஜிபி இசிசி ரேம், க்வாட்ரோ 600 கார்டு, டிவிடி டிரைவ். தூக்கினா இடுப்பு பிடிச்சுக்கும். சிடி, எம்ஆர்ஐ படங்களைத் திறந்து பார்க்க, கேஸ் நோட்ஸ் எழுத, பிரிஸ்கிரிப்ஷன் பிரிண்ட் எடுக்க. அவ்ளோதான் அதுக்கு வேலை.

3/
ஏன் தூக்கிப் போடலைன்னு கேக்காதீங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. விண்டோஸ் 11 இந்த ப்ராசஸரை ஏத்துக்காது. லினக்ஸ்லயும் எல்லாரும் ஏத்துக்கறதில்லை. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10 ஓடணும்னா எக்ஸ்86-64-வி3 வேணும், அதாவது ஏவிஎக்ஸ்2 இருக்கணும். என் சிப்ல ஏவிஎக்ஸ் வரைக்கும்தான். டெபியன் 13 மறுபேச்சு இல்லாம ஓடுது. இங்க ஒண்ணைக் கவனிக்கணும். இந்த மெஷினைக் கைவிட்டது லினக்ஸ் கெர்னல் இல்லை, மேல இருக்கறவங்க. கெர்னல்காரங்க 386 சிப்பையே 2013ல வந்த 3.8லதான் கழட்டிவிட்டாங்க. அவங்க அவ்வளவு சீக்கிரம் யாரையும் டிஸ்சார்ஜ் பண்ண மாட்டாங்க.

4/
அப்போ கெர்னலை ஏன் தொடணும்? உண்மையைச் சொல்றேன். அவசியமே இல்லை. ஆசை. டிஸ்ட்ரோ கொடுக்கற கெர்னல்ல ஆயிரக்கணக்கான டிரைவர் இருக்கு. நம்ம மெஷினுக்கு நூறு தேவைப்பட்டா அதிகம். "மிச்சமெல்லாம் எதுக்கு, வெட்டிடலாமே" அப்படின்னு கை துறுதுறுங்கும். சர்ஜன்களுக்குத்தான் இந்த வியாதின்னு நினைச்சிருந்தேன்.

5/
முதல்ல ஒரு நம்பிக்கையை உடைச்சிடறேன். டிரைவரை வெட்டினா மெஷின் வேகமாகாது. மாட்யூலா இருக்கற டிரைவர், லோட் ஆகாத வரைக்கும் டிஸ்க்ல சும்மா கிடக்கற ஒரு ஃபைல். ரேமைத் தின்னாது, ப்ராசஸரைத் தொடாது. வெட்டுறதால நிஜமா மிச்சமாகறது கம்பைல் நேரம். முழு டெபியன் கான்ஃபிக்கோட கட்டினப்போ சாயங்காலம் ஓபி முடிஞ்சு ஆரம்பிச்சேன், நான் தூங்கப் போறப்பவும் ஓடிட்டு இருந்துச்சு. வெட்டினதுக்கப்புறம் ஒரு டீக்கும் அடுத்த டீக்கும் நடுவுல முடிஞ்சுது. அந்தக் கணக்கு சரி. ஆனா "கெர்னல் மாத்தினேன், ராக்கெட் மாதிரி ஓடுது"ன்னு சொல்றவர் அதே வாரம் எஸ்எஸ்டியும் போட்டிருப்பார். விசாரிச்சுப் பாருங்க.

6/
சரி, என் கதை. முதல் தடவை மெனுகான்ஃபிக்கைத் திறந்து கையாலயே வெட்டினேன். "சாஸ் கன்ட்ரோலரா? நம்மகிட்ட சாஸ் டிஸ்க் ஏது, சாதா சாட்டாதானே" அப்படின்னு ஐஎஸ்சிஐ டிரைவரை எடுத்தேன். ரீபூட். ரூட் ஃபைல்சிஸ்டத்தைக் காணோம்னு கெர்னல் பேனிக்.

7/
காரணம் பின்னாடிதான் புரிஞ்சுது. இந்தத் தலைமுறை வொர்க்ஸ்டேஷன்கள்ல இன்டெல் சி600 சிப்செட். அதுல ரெண்டு வகை போர்ட். ஒண்ணு வழக்கமான ஏஹெச்சிஐ. இன்னொண்ணு எஸ்சியூன்னு தனி யூனிட், அதுதான் சாஸ். சாதா சாட்டா டிஸ்க்கை அந்த எஸ்சியூ போர்ட்ல சொருகினாலும் அதை ஓட்டுறது ஐஎஸ்சிஐதான். டிஸ்க் மேல ஒட்டியிருக்கற பேரைப் பார்த்தா போதாது, கேபிள் எந்த வாயில போய் சேருதுன்னு பார்க்கணும். வலி தோள்பட்டையில, கோளாறு இதயத்துல. தினமும் பார்க்கற விஷயம்தான், இருந்தும் கோட்டை விட்டேன்.

8/
சரி, கையால வேண்டாம்னு ரெண்டாவது தடவை எல்லாரும் சொல்ற வழிக்குப் போனேன். 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்'. ஸ்டீவன் ராஸ்டெட் எழுதினது, 2009 கடைசியில வந்த 2.6.32லேர்ந்து கெர்னலோடயே வருது. அழகான யோசனை. இப்போ இந்த நிமிஷம் எந்தெந்த மாட்யூல் லோட் ஆகியிருக்குன்னு 'எல்எஸ்மாட்'ல பார்க்கும். அதெல்லாம் வெச்சுக்கும். லோட் ஆகாத மாட்யூலையெல்லாம் கான்ஃபிக்லேர்ந்து எடுத்துடும்.

9/
"இந்த நிமிஷம்." இந்த வார்த்தையிலதான் நான் விழுந்தேன்.

10/
கம்பைல் ஆச்சு, பூட் ஆச்சு. ஸ்க்ரீன், நெட், பிரிண்டர், சவுண்டு எல்லாம் ஓகே. ஆனா /பூட் பார்ட்டிஷன் நிறைஞ்சு போச்சுன்னு கத்துச்சு. முன்னாடி கட்டின கெர்னலோட மாட்யூல்ல டீபக் தகவலை உரிக்காம இன்ஸ்டால் பண்ணியிருந்தேன். இனிட்ராம்எஃப்எஸ் குண்டா வீங்கிக் கிடந்துச்சு. அதுக்கு 'இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1'னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா போதும். நான் என்ன பண்ணேன்? இடம் வேணும்னு பழைய டெபியன் கெர்னலையும் சேர்த்து அழிச்சேன். "புதுசுதான் நல்லா ஓடுதே." ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு எடுத்த முடிவு.

11/
ரெண்டு நாள் கழிச்சு ஒரு ஐயா வந்தார். அறுபதுக்கு மேல. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) மூணு வாரம் முன்னாடி வண்டியிலேர்ந்து விழுந்திருக்கார். அப்போ வெளியூர்ல ஒரு சிடி ஸ்கேன் எடுத்து "ஒண்ணும் இல்லை"ன்னு அனுப்பிட்டாங்க. இப்போ தலைவலி, கூடவே லேசான தடுமாற்றம். இதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் சாப்பிடறார். புது ஸ்கேன் ஃபிலிம்ல மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு படலம். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். இது மூணு வாரம் முன்னாடியே இருந்துச்சா, அதுக்கப்புறம் வளர்ந்ததா? வளருதுன்னா இன்னைக்கே நியூரோசர்ஜன்.

12/
பழைய ஸ்கேனோட ஃபிலிம் மழையில நனைஞ்சு போச்சாம். வீட்டுக்காரம்மா பையிலேர்ந்து ஒரு வட்டத் தட்டை எடுத்து நீட்டினாங்க. "இதுல எல்லாம் இருக்குன்னு சொன்னாங்க சார்."

13/
டிரைவ்ல போட்டேன். தட்டு உள்ளே போச்சு, சுத்துச்சு, லைட்டு எரிஞ்சுது. 'ஐஎஸ்ஓ9660ன்னா என்னன்னே தெரியாது'ங்கற அர்த்தத்துல ஒரு எரர்.

ஏன்னு புரியுதா? டிவிடி டிரைவ் எப்பவும் மாட்டியிருக்கறதால அதோட டிரைவர் லோட் ஆகியிருந்துச்சு, தப்பிச்சுது. ஆனா சிடியில இருக்கற ஃபைல்சிஸ்டத்தைப் படிக்கற மாட்யூல், யாராவது சிடி போட்டாத்தான் லோட் ஆகும். நான் லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டின அன்னைக்கு யாரும் சிடி போடலை. டிரைவைக் காப்பாத்திட்டு அதோட கண்ணைப் பிடுங்கியிருக்கேன்.

14/
பழைய கெர்னல்ல பூட் பண்ணலாம்னா, அது இல்லையே. மாட்யூலை மட்டும் கட்டிச் சேர்க்கலாம், ஆனா சோர்ஸ் இருந்தது வீட்டு மெஷின்ல. க்ளினிக் தம்பியைக் கூப்பிட்டு, பக்கத்து ஜெராக்ஸ் கடையில சிடியைக் கொடுத்து பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டு வாப்பான்னு அனுப்பினேன். பத்து நிமிஷத்துல ஓடி வந்தான். சொருகினேன்.

பென்டிரைவும் தெரியலை.

அதே காரணம். யுஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூல் அன்னைக்கு லோட் ஆகலை. புது மெஷினா இருந்தா பூட் பார்ட்டிஷனே விஃபேட்ல இருக்கும், அந்த டிரைவராவது மிஞ்சியிருக்கும். என்னது பழைய பயாஸ் முறையில பூட் ஆகற மெஷின், அதனால விஃபேட்டும் போயே போச்சு.

15/
கடைசியில நானே ஜெராக்ஸ் கடைக்கு நடந்தேன். கடைக்காரர் ஆதார் பிரிண்ட் எடுத்துட்டு இருந்தவரை எழுப்பிவிட்டு "சார் நீங்க உக்காருங்க"ன்னார். சிடியிலயே இருந்த வியூவர்ல, சுத்தி நாலு பேர் நிக்க, ஒருத்தரோட மூளையைப் பார்த்துட்டு இருந்தேன். பிரைவசி பத்தி மீட்டிங்ல பேசறவன் நான். பழைய ஸ்கேன்ல அந்தப் படலம் இல்லை. புதுசுதான். அன்னைக்கே அனுப்பினேன், ஆபரேஷன் ஆச்சு, நல்லா இருக்கார். முக்கால் மணி நேரம் வீணாச்சு. அந்த முக்கால் மணி நேரத்துல எதுவும் ஆகலைங்கறதுக்கு நான் எந்த விதத்துலயும் காரணம் இல்லை.

16/
இப்போ என் கருத்துக்கு வர்றேன். "சொந்தமா கெர்னல் கட்டவே கூடாது, டிஸ்ட்ரோ கெர்னல் போதும்"னு சொல்ற கோஷ்டி ஒண்ணு இருக்கு. நான் அந்தப் பக்கம் இல்லை. பழைய மெஷினை அவ்வளவு நெருக்கமா தெரிஞ்சுக்க வேற வழி இல்லை. ஐஎஸ்சிஐன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு அப்படித்தான் தெரியும். ஆனா ஒரு நாள் எல்எஸ்மாட்டை வெச்சு எதை வெட்டணும்னு முடிவு பண்றது மருத்துவத்துல நாங்க பண்ணவே கூடாதுன்னு சொல்ற விஷயம்.

17/
நெஞ்சு படபடப்புன்னு ஒருத்தர் வர்றார். க்ளினிக்ல எடுத்த ஈசிஜி நார்மல். "உங்களுக்கு ஒண்ணும் இல்லை, போங்க"ன்னு அனுப்பலாமா? அந்தப் பத்து செகண்ட்ல ஒண்ணும் இல்லை, அவ்வளவுதான் அர்த்தம். படபடப்பு எப்பவாவது வர்றது. அதுக்குத்தான் ஹோல்டர்னு ஒரு பெட்டியை உடம்புல கட்டி, ஒரு நாள், ரெண்டு நாள், சில சமயம் ரெண்டு வாரம் கூட பதிவு பண்றோம். எல்எஸ்மாட்ங்கறது ஈசிஜி. மாசத்துக்கு ரெண்டு தடவை வர்ற சிடி அதுல தெரியாது.

18/
கெர்னலுக்கும் ஹோல்டர் இருக்கு. 'மாட்ப்ரோப்டு-டிபி'ன்னு ஒரு சின்ன ஸ்க்ரிப்ட். டிஸ்ட்ரோ கெர்னல்ல ஓடிட்டு இருக்கறப்பவே இதைப் போட்டு வைங்க. அப்பப்போ எது லோட் ஆகியிருக்குன்னு பார்த்து, புதுசா வந்ததை ஒரு ஃபைல்ல சேர்த்துக்கிட்டே போகும், எதையும் அழிக்காது. ஒரு மாசம் கழிச்சு லோக்கல்மாட்கான்ஃபிக்குக்கு 'எல்எஸ்மாட்=' போட்டு அந்த ஃபைலைக் கொடுங்க. அது வேண்டாம்னா க்ரான்ல எல்எஸ்மாட்டை ஒரு ஃபைலுக்குத் தினமும் பலமுறை சேர்த்துக்கிட்டாலும் போதும்.

அந்த மாசத்துல மெஷின் பண்ண வேண்டிய எல்லாத்தையும் வேணும்னே ஒரு தடவை பண்ணுங்க. சிடி போடுங்க, டிவிடி போடுங்க. பென்டிரைவ், யாரோ கொண்டு வர்ற எக்ஸ்ஃபேட் கார்டு, விண்டோஸ்ல ஃபார்மேட் பண்ண ஹார்ட் டிஸ்க். யுஎஸ்பி-சீரியல் கேபிள் இருந்தா அதையும். லேப் அனலைசர் வெச்சிருக்கறவங்க இதை மறக்காதீங்க. பழைய அனலைசர் பல இன்னும் ஆர்எஸ்-232லதான் பேசும்.

19/
வெட்டவே கூடாத இன்னொண்ணு, யாரும் பேசாதது: எடாக். இந்த ஸியான்களுக்கு அதோட பேர் எஸ்பி_எடாக். இசிசி ரேம் ஒரு பிட் தப்பானா தானே திருத்திக்கும், சத்தமே போடாது. எத்தனை தடவை திருத்துச்சுன்னு எண்ணிச் சொல்றது இந்த டிரைவர்தான். அது இல்லைன்னா ரேம் செத்துட்டு இருக்கறது உங்களுக்குத் தெரியாது. பிபி மாதிரி. பதிமூணு வருஷ ரேமுக்கு இது வேண்டாம்னு சொல்றவரோட நான் வாக்குவாதம் பண்றதா இல்லை, அவர் பிபியும் செக் பண்ணியிருக்க மாட்டார்.

20/
'மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்' பத்தியும் கேட்டிருந்தீங்க. 2018 ஜனவரியில மெல்ட்டவுன், ஸ்பெக்டர் வெளியில வந்ததுக்கப்புறம் கெர்னல்ல சேர்த்த பாதுகாப்பெல்லாம் பழைய இன்டெல் சிப்பை மெதுவாக்குதுங்கறது உண்மை. அதை அணைச்சா கொஞ்சம் வேகம் கிடைக்கறதும் உண்மை. ஆனா என் சிப் மெல்ட்டவுன் பாதிக்கற வரிசையிலயே வருது. அதே மெஷின்ல பிரவுசர் திறக்கறேன், அதே மெஷின்ல ஊர் ஜனங்களோட கேஸ் நோட்ஸ் இருக்கு. அணைக்க மாட்டேன். நெட்டே இல்லாத கேம் மெஷின்னா உங்க இஷ்டம்.

21/
கடைசியா, பேட்ச். நீங்களா கட்டின கெர்னலுக்கு அப்டேட் தானா வராது. டெபியன் அனுப்பற செக்யூரிட்டி திருத்தம் டெபியன் கெர்னலுக்குத்தான். ஆபரேஷன் பண்ணிட்டு ரிவ்யூவுக்குக் கூப்பிடாத மாதிரி ஆகிடும். நான் இப்போ 6.12 லாங்டெர்ம் வரிசையை மட்டும் பிடிச்சுக்கிட்டு, புது பதிப்பு வந்தா ஞாயித்துக்கிழமை கட்டுறேன். க்ரப்ல டிஃபால்ட் டெபியன் கெர்னல்தான். என்னோடது ரெண்டாவது வரியில இருக்கு. /பூட்டைப் பெருசாக்கியாச்சு. க்ளினிக் நேரத்துல ரெண்டாவது வரியை யாரும் தொடறதில்லை, நான் உட்பட.

22/
க்வாட்ரோ 600 பத்திக் கேட்ட தம்பிக்கு: என்விடியாவோட 390 வரிசை டிரைவர்தான் அதுக்குக் கடைசி, 2022ஓட அதுக்கும் சப்போர்ட் முடிஞ்சுது. புது கெர்னலோட அதைக் கட்ட யாரோ போட்ட பேட்ச்சைத் தேடி அலையணும், வேண்டாம். நூவோ போதும். க்ளாக் வேகத்தை ஏத்தாது, 3டிக்கு ஆகாது. படத்தை வரிசையா உருட்டிப் பார்க்க எனக்கு இதுவரைக்கும் குறை வைக்கலை. மாட்யூலாவே விட்டுடுங்க. பென்டிரைவ் சொருகிப் பார்த்துட்டுக் கட்டுங்க.