மூன்றரை சென்டிமீட்டர் உயர்வு

திருநெல்வேலியில் இப்போது யாரைக் கேட்டாலும் வண்டியை மாற்றுகிறார்கள். பின்னால் டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன செடானைக் கொடுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற 'காம்பாக்ட் எஸ்.யூ.வி.' வாங்குகிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில், "பையன் என்ன பண்ணுதான்?" என்பதற்கு அடுத்த கேள்வியே "என்ன வண்டி வச்சிருக்கான்?" தான். "டிசைர்" என்றால் "சரி, சரி" என்று தலையாட்டுகிறார்கள். "பிரெஸ்ஸா" என்றால் பாயசம் இன்னொரு கரண்டி விழுகிறது.

என் அக்கா வீட்டுக்காரரும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டார்.

"மாப்ளே, டிசைரைத் தள்ளிட்டுப் பெரிய வண்டியா ஒண்ணு எடுக்கப் போறேன்."

"எவ்வளவு பெரிசு அத்தான்?"

"பாத்தாலே தெரியும்லா!"

பார்த்தால் தெரியும். டேப் வைத்து அளந்தால் தெரியாது. டிசைரின் நீளம் 3,995 மில்லிமீட்டர். பிரெஸ்ஸாவின் நீளம்? 3,995. ஹூண்டாய் வென்யூ? அதுவும் 3,995! எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு செய்த மாதிரி இருக்கிறதே என்றால், அளவு கொடுத்தது டெல்லி.

2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் நீளம் நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள், டீசல் 1,500-க்குள். அவ்வளவுதான், கம்பெனிகள் கத்திரிக்கோலைத் தூக்கிவிட்டன. 2008-ல் டாடா இண்டிகோவின் வாலை நறுக்கி 'சி.எஸ்.' என்றார்கள். 4,160 மில்லிமீட்டர் இருந்த டிசைர் 2012-ல் 3,995 ஆனது. 2013-ல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு எக்கோஸ்போர்ட் அதே நாலு மீட்டருக்குள் ஜீப் வேஷம் கட்டிக்கொண்டு வந்தது. (அந்தக் கம்பெனி 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. வேஷம் மட்டும் நிலைத்துவிட்டது.) ஆக, அத்தான் விற்கிற வண்டியும் வாங்குகிற வண்டியும் ஒரே தையற்காரர் தைத்த இரண்டு சட்டைகள்.

வரிக் கணக்கு இன்றைக்கும் இதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குள் அடங்கினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அடங்காவிட்டால் 40. நீளம் மட்டும் அடங்கினால் போதாது. பிரெஸ்ஸாவின் பெட்ரோல் என்ஜின் 1,462 சி.சி. என்பதால் அதற்கு 40. வென்யூவின் 1,197 சி.சி. பெட்ரோலுக்கு 18. ஷோரூமில் கலரைக் கேட்பதற்கு முன்னால் சி.சி.யைக் கேளுங்கள்.

சரி, நீளம் ஒன்று. அப்புறம் என்னதான் கூடுதல்? உயரம். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி டிசைரில் 163 மில்லிமீட்டர், பிரெஸ்ஸாவில் 198. வித்தியாசம் மூன்றரை சென்டிமீட்டர். இரண்டு விரல் கனம்!

சிரிக்காதீர்கள். அந்த இரண்டு விரலுக்கு நம் பக்கத்தில் மதிப்பு உண்டு. இந்தியச் சாலைப் பேரவையின் கணக்குப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். யானை முதுகு மாதிரி மெதுவாக ஏறி இறங்க வேண்டும். சில ஊர்களில் தெருக்காரர்களே ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிடுகிற மேட்டுக்கு இந்த சாஸ்திரம் தெரியாது. ஆடி அமாவாசைக்கு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பாபநாசம் போய்ப் பாருங்கள். ஆள் பாரத்தில் அமுங்கிய செடான் 'கிர்ர்ர்' என்று உரசும் ஒவ்வொரு தடவையும் பின்சீட்டிலிருந்து, "இறங்கிக்கிடட்டுமா?" என்று குரல் வரும்.

அதைவிடப் பெரிய நியாயம் முழங்கால். அத்தானின் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. அவுகளுக்குச் செடானில் உட்காருவது கிணற்றில் இறங்குவது மாதிரி. எழுந்திருப்பது தண்ணீர் சேந்துவது மாதிரி. இரண்டு பேர் இழுக்க வேண்டும். உயரமான வண்டியில் சீட் ஏறக்குறைய இடுப்பு மட்டத்துக்கு இருப்பதால் திண்ணையில் உட்காருகிற சுலபம். டாக்டர் எழுதித் தரக்கூடிய ஒரே கார் இதுதான்.

இனி நஷ்டக் கணக்கு. டிசைரின் டிக்கி 382 லிட்டர். 'பெரிய வண்டி' பிரெஸ்ஸாவில் 328. ஏறக்குறைய மூன்று தண்ணீர் கேன் வைக்கிற இடம் போச்சு! உயரமும் எடையும் கூடினால் பெட்ரோலும் கூடக் குடிக்கும். வருஷம் 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு லிட்டருக்கு 18 கொடுத்தது 15 ஆனால், 133 லிட்டர் அதிகம். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் பதிமூவாயிரம். ஜீப் மாதிரி இருக்கிறதே என்று ஆற்று மணலில் இறக்கிவிடாதீர்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முன் சக்கரம் இரண்டு மட்டும்தான் இழுக்கும். உயரம் என்றால் பாதுகாப்பு என்பதும் இல்லை. மோதல் சோதனை நடத்தும் குளோபல் என்கேப் 2024-ல் குள்ளமான புது டிசைருக்கே ஐந்து நட்சத்திரம் கொடுத்தது.

இத்தனையையும் அத்தான் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"என்னவும் சொல்லு மாப்ளே. இன்னொரு வெள்ளம் வந்தா இந்த வண்டி தாண்டிரும்லா?"

இதற்குத்தான் நான் சிரிக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு குளமானது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது. ரயிலே நின்ற வெள்ளம் அது.

ஒரு காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். காரின் அடிப்பரப்பு சுமார் ஏழு சதுர மீட்டர். தண்ணீர் அடிவயிற்றைத் தொட்ட பிறகு ஏறுகிற ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஏறக்குறைய 70 கிலோவைத் தூக்கும். டிசைர் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. சுமார் 30 சென்டிமீட்டர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும். பிரெஸ்ஸா ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல், 36. ஆள் ஏறினால் இன்னும் நாலைந்து சென்டிமீட்டர். இரண்டுமே முழங்காலுக்குக் கீழே! மிதந்த வண்டிக்கு ஸ்டியரிங் இல்லை, பிரேக் இல்லை. ஆறு இழுத்த பக்கம் போகும். உள்ளே தண்ணீர் புகுந்து கனம் ஏற நேரமாகும். மிதக்க நேரமே ஆகாது.

இன்னொன்று. தண்ணீரில் நின்றுபோன என்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே போன தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸில் பெரும்பாலும் அதற்குப் பணம் வராது. 'என்ஜின் புரொடெக்ட்' என்று தனியாகச் சேர்க்க வேண்டும். சீட் கவருக்குப் பேரம் பேசுகிற நேரத்தில் இதைக் கேட்டு வாங்கலாம்.

அத்தான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்ப அம்மா முழங்காலுக்காகன்னு சொல்லி வாங்கிருதேன்" என்றார். பேஷாக வாங்கட்டும். மூட்டு வலிக்காக வாங்கலாம், மேடு பள்ளத்துக்காக வாங்கலாம், கூடுதல் பாயசத்துக்காகக்கூட வாங்கலாம். தாமிரபரணியோடு மல்லுக்கட்ட மட்டும் வாங்கக்கூடாது. ஆற்றுக்குள்ளேயே கோயில் கொண்டிருக்கிற குறுக்குத்துறை முருகனே, வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரைக் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்கு அனுப்பிவைத்துவிடுகிறார். மயிலில் ஏறித் தாண்டிப் பார்ப்போமே என்று அவர் நினைப்பதில்லை.